ஈர் எடுக்கிறதும் நொட்டை சொல்றதும்

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து மூனு நாளா கொஞ்சம் கொஞ்சமா எழுதினது. நேரம் இருக்கிறவங்க ஒரு டீ கலக்கி வச்சிக்கிட்டுப் படிங்க. அவசரமா இருக்கிறவங்க அப்புறமா வாங்க, பதிவு எங்கேயும் ஓடிப் போகாது.

நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுக்களில் இப்ப அடிக்கடி ஒரு இங்கிலீஷ் வார்த்தை வருது. "நிட்பிக்கிங் பண்ணாதீங்க அண்ணே." "அக்கா, இதெல்லாம் நிட்பிக்கிங்." யாராவது சின்னதா ஒரு குறை சொன்னா உடனே இந்த வார்த்தையைத் தூக்கிப் போட்டுர்றாங்க. போட்ட உடனே பேச்சு நின்னு போகுது. குறை சொன்னவங்க அப்படியே அடங்கிடுறாங்க. சொன்னது சரியா தப்பான்னு யாரும் பார்க்கிறதில்லை. ஒரே வார்த்தையில் ஒருத்தர் வாயை அடைக்க முடியுதுன்னா அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? அதனால் தேடிப் படிச்சேன். நான் படிச்சது எஸ்பிஎம் வரைக்கும்தான். ஆனா தேடிப் படிக்கிறதுக்கு அது போதும்.

"நிட்" என்றால் ஈர். பேன் இடுகிற முட்டை. "பிக்" என்றால் பொறுக்கி எடுப்பது. ஆக நிட்பிக்கிங் என்றால் தலைமுடியில் ஒட்டியிருக்கிற ஈரை ஒவ்வொன்னா பொறுக்கி எடுக்கிற வேலை. அவ்வளவுதான். நம்ம பாட்டிமாருங்க வாசப்படியில் உட்கார்ந்து செஞ்ச அதே வேலை.

இங்கே ஒன்னு சொல்லிடுறேன். ஈர் என்பதற்கு இடையின ர் போடணும். வல்லின று போட்டு ஈறு என்று எழுதினால் அது பல் ஈறு, இல்லாட்டி முடிவு என்று அர்த்தம் வரும். (பாருங்க, பதிவு ஆரம்பிச்ச உடனே ஈர் எடுக்கிற வேலையும் ஆரம்பிச்சாச்சு.)

ஈர், பேன் இரண்டும் ரொம்பப் பழைய வார்த்தைகள். நாம பேன் என்கிறோம், மலையாளத்திலும் பேன்தான். தெலுங்கில் பேனு. கன்னடத்தில் ஹேனு. நம்ம பால் அவங்களுக்கு ஹாலு ஆகிற மாதிரி பேன் ஹேனு ஆயிடுச்சு. ஈருக்கு மலையாளத்தில் ஈரு, கன்னடத்தில் சீரு. நம்ம கோயிலுக்கு வர்ற தெலுங்குக் குடும்பங்களையும் மலையாளிக் குடும்பங்களையும் கேட்டுப் பாருங்க. இந்த மொழிகள் எல்லாம் ஒரே வீட்டில் இருந்த காலத்திலேயே தலையில் பேன் இருந்திருக்குன்னு அர்த்தம். இங்கிலீஷ் பக்கமும் அப்படித்தான். பழைய இங்கிலீஷில் ஹ்னிட்டு, ஜெர்மன் மொழியில் நிஸ்ஸெ, ரஷ்ய மொழியில் க்னீடா. எல்லாமே ஒரே வேரில் வந்த வார்த்தை, எல்லாத்துக்கும் அர்த்தம் ஈர்தான்.

இதை விட ஆச்சரியம் ஒன்னு இருக்கு. இஸ்ரேல் நாட்டில் லாகீஷ் என்ற பழைய ஊரைத் தோண்டினப்ப, 2016-ல் யானைத் தந்தத்தில் செஞ்ச ஒரு சின்னச் சீப்பு கிடைச்சது. மூன்றரை சென்டிமீட்டர் நீளம்தான், கட்டை விரல் அளவு. ஒரு பக்கம் சிக்கு எடுக்க ஆறு தடிப்பான பல். மறுபக்கம் பேன் வார 14 மெல்லிய பல். நம்ம வீட்டு பேன் சீப்பும் ரெண்டு பக்கம் பல் வச்சதுதானே? சீப்பில் மெலிசா எழுத்து கீறியிருக்குன்னு பிறகுதான் கவனிச்சாங்க. 2022-ல் படிச்சு வெளியிட்டாங்க. மொத்தம் 17 எழுத்து. தலைமுடியிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் ஒழிக்கணும்னு ஒரு வேண்டுதல் மாதிரி எழுதியிருக்கு. வயசு சுமார் 3,700 வருஷம். கானான் நாட்டு எழுத்தில் இதுவரை கிடைச்ச முழு வாக்கியங்களில் இதுதான் மிகப் பழசுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ராஜாவோட வெற்றியைப் பத்தி இல்லை, சாமியைப் பத்தியும் இல்லை. பேனைப் பத்தி.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். எங்க தலைமுறை ஆளுங்களுக்கு இந்தக் காட்சி தெரியும். காலையில் மரம் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துட்டு வந்து, குளிச்சு சமைச்சு முடிச்ச பிறகு, பொம்பளைங்க லயத்துப் படியில் ஒருத்தருக்குப் பின்னால் ஒருத்தர் ரயில் பெட்டி மாதிரி உட்காருவாங்க. பாட்டி மகள் தலையைப் பார்ப்பார், மகள் பேத்தி தலையைப் பார்ப்பார். தேங்காய் எண்ணெய் தடவி, வகிடு வகிடா பிரிச்சு, ஈரை முடியோட உருவி இழுத்து, ரெண்டு நகத்துக்கு நடுவுல வச்சு நசுக்குவாங்க. "டிக்"ன்னு சத்தம் கேட்கும். சத்தம் வந்தால் உயிருள்ள ஈர், சத்தம் வராட்டி வெறும் கூடு. அது பாட்டிமாருங்க கணக்கு.

அந்தப் படியில் என்ன நடந்ததுன்னு கொஞ்சம் யோசிங்க. யாரும் வழியில் போறவங்ககிட்ட தலையைக் காட்ட மாட்டாங்க. அம்மாகிட்ட, அக்காகிட்ட, பக்கத்து வீட்டு அத்தைகிட்ட, அவ்வளவுதான். பார்க்கிறவங்களும் "ஐயே, உனக்கு ஈர் இருக்கு"ன்னு லயம் முழுக்கச் சத்தம் போட மாட்டாங்க. பார்ப்பாங்க, எடுப்பாங்க. ஒரு தலைக்கு ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆகும். கழுத்து வலிக்கும், கண்ணு எரியும். அதுக்குக் கூலி கிடையாது. பிள்ளை பாதியிலேயே மடியில் தூங்கிடும்.

ஈர் சின்னதுதான். ஒரு மில்லிமீட்டர் கூட வராது. ஆனா அது தூசு கிடையாது, முட்டை. பெண் பேன் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு முட்டை இடும். ஒரு மாதிரி பசையால் முடியோட ஒட்டி வச்சிடும். தண்ணி ஊத்தினாலும் போகாது, சாதாரண சீப்பு போட்டாலும் வராது. ஏழெட்டு நாளில் பொரிஞ்சிடும். பொரிஞ்சது இன்னும் பத்து நாளில் பெரிய பேனாகி அதுவும் முட்டை இடும். அதனால்தான் பேனை மட்டும் பிடிச்சு ஈரை விட்டுட்டா வேலை முடியாது.

இன்னொரு விஷயம். முட்டை பொரிக்கச் சூடு வேணும், அந்தச் சூடு தலைத்தோலிலிருந்து வருது. அதனால் உயிருள்ள ஈர் பெரும்பாலும் முடியின் அடியில், தோலை ஒட்டித்தான் இருக்கும். முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். முடியோட ரொம்பத் தூரத்தில், வெள்ளையா மினுக்கிக்கிட்டு, பார்த்த உடனே கண்ணில் படுற ஈர் இருக்கே, அது அநேகமா எப்பவோ பொரிஞ்சு போன வெறும் கூடுதான். கண்ணுக்குச் சுலபமா தெரியறது பழைய கூடு. ஆபத்தானது அடியில் முடியோட நிறத்திலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். இதைப் படிச்சப்ப நம்ம ஆண்டுப் பொதுக்கூட்டம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஏன்னு கூட்டத்துக்கு வர்றவங்களுக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் யார் மாலையை யார் முதலில் வாங்கினதுன்னு இன்னும் பேசுறோம்.

இப்படி அம்மா செய்யற வேலையோட பேர் எப்படி திட்டுற வார்த்தை ஆச்சு?

வார்த்தை பழசு இல்லை. ஈருக்கான இங்கிலீஷ் சொல்லுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயசு, ஆனா குறை தேடுறவங்களை அந்தப் பேர் வச்சுக் கூப்பிடுறது அமெரிக்காவில் 1950 வாக்கில்தான் எழுத்தில் வருது. 1951-ல் கோலியர்ஸ் என்ற அமெரிக்க வார இதழில் ஒரு குறிப்பு. பென்டகன், அதாவது அமெரிக்க ராணுவத் தலைமை அலுவலகத்தில் புழங்குற வார்த்தைகளில் இதுவும் ஒன்னுன்னு எழுதினாங்க. அங்கே ரெண்டு வகை ஆளுங்களுக்குப் பட்டப்பேர் இருந்திருக்கு. ஒரு வகைக்கு ஈப்புள்ளி தேடுறவங்கன்னு பேர். ஈ உட்கார்ந்த இடத்தில் கருப்பா புள்ளி வைக்குமே, அதைத் தேடுற மாதிரி காகிதத்தில் பிழை தேடுறவங்க. இன்னொரு வகை ஈர் பொறுக்குறவங்க. சின்னச் சின்ன வார்த்தைக்கெல்லாம் சண்டை போடுவாங்க, ஆனா இப்படித் திருத்தலாம்னு உருப்படியா ஒரு யோசனையும் கொடுக்க மாட்டாங்க. அந்த இதழ் சொன்ன விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

ஆக, ஆரம்பத்திலேயே திட்டு எதுக்கு விழுந்ததுன்னு பாருங்க. சின்னக் குறையைப் பார்த்ததுக்கு மட்டும் இல்லை. பார்த்துட்டு கையை வைக்காமல் போனதுக்கும் சேர்த்துத்தான். பாட்டி பார்த்தார், எடுத்தார். பென்டகன் ஆபிசர் பார்த்தார், சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார், அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டார். பேர் மட்டும் ஒன்னு, வேலை வேற வேற.

நம்ம தமிழில் இதுக்கு என்ன சொல்றோம்? நொட்டை சொல்றது. "எதுக்கெடுத்தாலும் நொட்டை நொள்ளை சொல்லிக்கிட்டே இருப்பான்" என்று சொல்றோம். நொட்டை என்றால் குறை. நொள்ளை என்றால் பார்வை இல்லாத கண். நொள்ளைக் கண்ணு என்று ஊரில் சொல்லுவாங்க (நல்ல வார்த்தை இல்லை, பிள்ளைங்க முன்னால் சொல்லாதீங்க). குறையையும் குருட்டுக் கண்ணையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்ற மாதிரி அமைஞ்சிருக்கு. குறையை மட்டும் பார்க்கிறவனுக்கு வேற எதுவும் தெரியாதுன்னு நான் எடுத்துக்கிறேன். இது என் விளக்கம்தான், தமிழாசிரியர்கள் கோவிச்சுக்காதீங்க.

ஈரை வச்சே நம்மகிட்ட ஒரு பழமொழி இருக்கு. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி. இங்கிலீஷ்காரர் சின்னதைத் தேடுறவனைக் கிண்டல் பண்றார். நாம சின்னதைப் பெரிசாக்குறவனைக் கிண்டல் பண்றோம். எனக்கு நம்ம பழமொழிதான் இன்னும் கெட்டிக்காரத்தனமா தெரியுது. ஏன்னா அது படிப்படியா நடக்குது. முதல் வாயில் ஈர், ரெண்டாவது வாயில் பேன், மூனாவது வாயில் பெருமாள். வாட்ஸ்அப் வர்றதுக்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாலேயே ஃபார்வர்ட் மெசேஜ் எப்படி வேலை செய்யும்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு! பெருமாள் ஏன் வந்தார்னு சில பேர் கேட்பாங்க. பே, பெ என்று ஓசை சேரும், பெருமாள் என்றால் பெரியவர். அந்தக் காலத்தில் சேர ராஜாவைக் கூட சேரமான் பெருமாள் என்றுதான் கூப்பிட்டாங்க. சாமியைக் குறைச்சு சொன்னது கிடையாது.

நம்ம நாட்டில் நாலு பக்கமும் நாலு மொழி இருக்கிறதால் மத்தவங்க எப்படிச் சொல்றாங்கன்னும் விசாரிச்சேன். மலாய்ப் பழமொழி நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிருமி தெரியுதாம், இமைமேல் நிற்கிற யானை தெரியலையாம்.

என்கூட வேலை செய்யற சீனர் ஒருத்தர் ரெண்டு சொன்னார். ஒன்னு, முட்டைக்குள்ளே எலும்பு தேடுறது. சிரிச்சிட்டேன். இன்னொன்னு, மயிரை ஊதி ஊதி விலக்கி உள்ளே இருக்கிற சின்ன வடுவைத் தேடுறது. சுவெய் மாவ் சியூ த்ஸ என்கிற மாதிரி உச்சரிக்கிறாங்க. இது ரொம்பப் பழசு. 2,200 வருஷத்துக்கு முன்னால் ஹான் ஃபெய் என்ற சீன அறிஞர் எழுதினதில் இருக்கு. நல்ல முறையில் ஆட்சி பண்றவங்க மயிரை ஊதி சின்னக் குறை தேட மாட்டாங்கன்னு சொல்றார். அங்கேயும் முடிதான் பாருங்க.

ஜப்பான்காரங்க வேற மாதிரி. 1982-ல் கிழக்கை நோக்கும் கொள்கை வந்த பிறகு எத்தனையோ ஜப்பான் கம்பெனி இங்கே தொழிற்சாலை போட்டாங்க, நம்ம ஆளுங்க நிறையப் பேர் அவங்ககிட்ட வேலை பழகினவங்க. அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி இருக்குல்ல, அதோட மூலையைப் பல்குச்சியால் நோண்டுறதுன்னு அவங்க சொல்லுவாங்க. கிண்டலாத்தான் சொல்றது. ஆனா அதே ஜப்பான்காரங்கதான் தொழிற்சாலையில் மூலை மூலையா துடைக்கச் சொல்லிக் கொடுத்தவங்க!

நான் சூபர்வைசர். சின்னக் குறை பார்க்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு திருகு அரைச் சுத்து லூசா இருந்தால் அது ஈர். இன்னிக்குப் பார்த்தா அரை நிமிஷ வேலை, ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா பெட்டி பெட்டியா சரக்கு திரும்பி வரும். அதனால் குறை பார்க்கிறதே தப்புன்னு யாராவது சொன்னா என்னால் ஒத்துக்க முடியாது. ஆனா எங்க லைனில் ஒரு பழக்கம் இருக்கு. குறை பார்த்தவங்க அந்த மிஷின் பக்கத்திலேயே நிக்கணும். ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போக முடியாது. சரி பண்ற வரைக்கும் நிக்கணும். புதுசா வர்ற பிள்ளைங்களைத் திட்டணும்னாலும் எல்லார் முன்னாலும் திட்டக் கூடாது.

இப்ப கோயில் கதைக்கு வர்றேன். யார், எந்த வருஷம்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.

ஒரு திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிச்சோம். காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சிதான் டைப் பண்ணி, படம் போட்டு, அழகா செஞ்சு கொடுத்துச்சு. காசு வாங்கலை. பரீட்சை நேரம் வேற, ராத்திரி முழிச்சு செஞ்சது. அச்சாகி வந்த பிறகு பார்த்தா ரெண்டு இடத்தில் ஒற்று விட்டுப் போச்சு, "அன்னதானம்" என்ற இடத்தில் ஒரு ன் இல்லை. ஒரு பெரியவர் அதைப் போட்டோ எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, முந்நூறு பேர் இருக்கிற குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: தமிழ் தெரியாதவங்களை எல்லாம் யார் வேலைக்கு வச்சது? அதுக்கு 40 பேர் கை தட்டுற படம் போட்டாங்க. மறுநாள் அந்தத் தங்கச்சி குழுவை விட்டுப் போயிடுச்சு. கோயிலுக்கு வருது, கும்பிடுது, போயிடுது. சேவைக்கு வர்றதில்லை. நோட்டீசை அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னால் மூனு நாள் அதே குழுவில்தான் இருந்துச்சு. அந்தப் பெரியவர் பார்க்கலையா, பார்த்தும் சொல்லலையான்னு அவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு கதை. பால்குடம் ரசீது கணக்கு வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. வழக்கமா பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா, பூ கட்டிக் கொடுக்கிறவங்க, எழுந்து கேட்டாங்க. "ஐயா, ரசீது 150-க்கு அப்புறம் 201 வாசிக்கிறீங்களே, நடுவுல உள்ள புத்தகம் எங்கே?" உடனே மேடையிலிருந்து பதில்: "அம்மா, நிட்பிக்கிங் பண்ணாதீங்க, நேரமாச்சு." எல்லாரும் சிரிச்சாங்க. அந்த அம்மாவுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஆனா சிரிப்புக்கு அர்த்தம் தெரியும். உட்கார்ந்துட்டாங்க.

அப்புறம் தேடிப் பார்த்தோம். அந்த ரசீதுப் புத்தகம் ஒரு தொண்டர் வீட்டு அலமாரியில் இருந்துச்சு. 12 ரசீது கிழிச்சிருக்கு, காசு 240 வெள்ளி உறைக்குள்ளேயே அப்படியே இருந்துச்சு. திருட்டு இல்லை. மனுஷனுக்கு வீட்டில் ஒரு துக்கம், மறந்துட்டார். நல்லதா போச்சு. ஆனா அந்த அம்மா கேட்காமல் இருந்திருந்தா? சங்கங்கள் சட்டம் 1966 படி, பொதுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள் கணக்கோட ஆண்டறிக்கையை சங்கப் பதிவகத்துக்கு அனுப்பணும். அதில் தப்புக் கணக்கு போயிருக்கும். அடுத்த வருஷம் யாராவது அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடிச்சிருந்தா, அந்தத் தொண்டர் பேர் என்ன ஆகியிருக்கும்? ஈர் பேனாகி பெருமாளாகியிருக்கும். அந்த அம்மா கேட்ட கேள்விதான் அவரைக் காப்பாத்துச்சு.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாருங்க. நோட்டீஸ் விஷயத்தில் யாரும் நிட்பிக்கிங்னு சொல்லலை, கை தட்டினாங்க. ரசீது விஷயத்தில் நிட்பிக்கிங்னு சொல்லி உட்கார வச்சாங்க. பெரியவர் சொன்னா தமிழ்ப்பற்று, பூ கட்டுற அம்மா கேட்டா நிட்பிக்கிங். வார்த்தையோட அர்த்தம் அகராதியில் ஒன்னா இருக்கு, நம்ம மண்டபத்தில் ஆளைப் பொறுத்து மாறுது. இதுதான் எனக்கு உறுத்துது. இவ்வளவு நீளமா எழுதினதுக்கும் இதுதான் காரணம்.

இதைப் பேசினா உடனே யாராவது நக்கீரரைக் கொண்டு வருவாங்க. சாமிகிட்டயே குற்றம் கண்டுபிடிச்சவராச்சே, நாங்க கேட்கக் கூடாதான்னு. சரி, நக்கீரர் கதையையே பார்ப்போம்.

நம்மில் பாதிப் பேருக்கு அது 1965-ல் வந்த திருவிளையாடல் படம்தான். சிவாஜி சாமியா வருவார், நாகேஷ் தருமியா வருவார், படத்தை எடுத்த ஏ.பி.நாகராஜனே நக்கீரரா நடிச்சிருப்பார். கதை பரஞ்சோதி முனிவர் பாடின திருவிளையாடற் புராணத்தில் இருக்கு. பெண்கள் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். தீர்க்கிற பாட்டுக்குப் பொற்கிழி. ஏழைத் தருமிக்கு இறைவனே பாட்டு எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டா இன்னிக்கும் இருக்கு, பாடினவர் பேர் இறையனார் என்று போட்டிருக்கும். நக்கீரர் சபையில் எழுந்து குற்றம் சொல்றார். (இந்தக் கதையிலும் முடிதான் பிரச்சினை. நான் வேணும்னு தேடலைங்க.)

நக்கீரர் சொன்னது ஒற்றுப்பிழை இல்லை. சொல்லில் குற்றம், பொருளில் குற்றம் என்று ரெண்டாப் பிரிச்சு, பொருளைத்தான் பிடிச்சார். சபையில் அவருக்கு அந்த வேலை. ராஜாவோட பொன் போகப் போகுது, பாட்டு சரியான்னு பார்க்கிறது அவர் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் பேசலை. எதிரில் நிக்கிறது சாமின்னு தெரிஞ்ச பிறகும் பின்வாங்கலை. அது ஈர் பொறுக்கிற வேலை இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆனா புராணம் அதோட நிக்கலை, இதை நாம யாரும் பேசுறதில்லை. அந்தப் படலத்தோட பேரே தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம். அதாவது குற்றம் சொன்னது சொன்னதுதான், ஆனா கடைசியில் தருமிக்குப் பொற்கிழி கிடைச்சது. ஏழை வெறுங்கையோட போகலை. அடுத்த படலம் கீரனைக் கரையேற்றிய படலம். நெற்றிக்கண் வெப்பத்தில் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த நக்கீரரை இறைவனே கரையேத்துறார். அதுக்கும் அடுத்த படலம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம். அகத்தியரை வரவழைச்சு, நக்கீரருக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்க வைக்கிறார். அவ்வளவு பெரிய புலவரை மறுபடியும் பாடம் படிக்க உட்கார வச்சிட்டார்! குற்றம் கண்டவர் படிச்சார், பாட்டு கொண்டு வந்தவருக்குப் பரிசு போச்சு. மூனு படலத்தையும் சேர்த்துப் படிக்காமல், குற்றம் சொன்ன வசனத்தை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம்.

திருக்குறளில் 44-வது அதிகாரம் குற்றங்கடிதல். மானத்துக்குப் பயப்படுறவங்க தன்கிட்ட தினையளவு தப்பு வந்தாலும் அதைப் பனைமரம் அளவுக்கு நினைச்சு வெட்கப்படுவாங்கன்னு பொருள் வர்ற குறள் அதில் இருக்கு. கவனிங்க, சின்னதைப் பெரிசாக்குறதை வள்ளுவரே ஒத்துக்கிறார். ஈரைப் பெருமாளாக்குற அதே வேலைதான். ஆனா தன் தலையில் உள்ள ஈருக்கு மட்டும்.

சரி, வேலைக்கு வர்றேன்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டம். ரசீதுப் புத்தகம் எல்லாத்தையும் நம்பர் வரிசையில் அடுக்கி சனிக்கிழமை காலையிலிருந்து ஆபிஸ் மேஜையில் வச்சிருப்போம். பக்கத்தில் கால்குலேட்டர், பேனா, நோட்டு இருக்கும். யார் வேணும்னாலும் உட்கார்ந்து பார்க்கலாம், சந்தேகம் இருந்தா நோட்டில் எழுதி வைக்கலாம். பூ கட்டுற அம்மாவை நேரில் போய்க் கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

நவராத்திரி நோட்டீஸ் இன்னும் டைப் பண்ணலை. செய்ய ஆள் இல்லை. அந்தத் தங்கச்சியோட அம்மாகிட்ட பேசினேன், கேட்டுச் சொல்றேன்னு சொன்னாங்க. அது வந்தாலும் வராட்டியும், தமிழ் நல்லா தெரிஞ்ச பெரியவங்க ரெண்டு பேர் வேணும். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்ச பிறகு ஆபிசில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அச்சுக்குப் போறதுக்கு முன்னாலேயே ஒற்று, சந்தி, ன, ண எல்லாம் பார்த்துக் கையாலே திருத்திக் கொடுக்கணும். பேர் கொடுக்கிறவங்க குழுவில் போட வேண்டாம், என் நம்பருக்குத் தனியா மெசேஜ் போடுங்க. டீயும் வடையும் உண்டு.